சாந்திமதி கேட்ட மன்னிப்பு

பத்து நாள் நோன்பு முடிந்த மறுநாள் சாந்திமதிக்குக் கால் வலி எடுத்துவிடும். நோன்பினால் அல்ல, நடையினால். சமணக் குடும்பங்களில் அன்றுதான் ஒருவரை ஒருவர் தேடிப் போய் மன்னிப்புக் கேட்பார்கள். தெரிந்து செய்தது, தெரியாமல் செய்தது, வாயால் செய்தது, மனத்தால் நினைத்தது எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கைகூப்பிக் கேட்க வேண்டும். சண்டை போட்டவர்களிடம் மட்டும் கேட்டால் போதாது. பால்காரர், அடுத்த வீட்டு அம்மா, பள்ளிக்கூட வாட்ச்மேன் என்று சாந்திமதி ஒருவரையும் விடமாட்டாள். "காக்காகிட்ட கேட்டியா?" என்று அவள் கணவர் வர்த்தமான் கேலி செய்வார். அந்தக் கேலிக்கு முறைத்ததற்காக அவரிடமும் ஒருமுறை கேட்டுவிடுவாள்.

இந்த வருடம் அவள் பட்டியலில் ஒரு புதுப் பெயர் இருந்தது. கங்கையம்மாள்.

சிறையிலிருந்து வெளியே வந்து, போக இடமில்லாமல் நிற்பவர்களுக்கு 'மறுவாசல்' என்ற அமைப்பு அறை பிடித்துக் கொடுக்கிறது. அறையோடு ஓர் ஆளையும் கொடுக்கிறது. வாரம் ஒருமுறை வந்து பேச, ரேஷன் கார்டுக்கு அலைய, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஓர் ஆள். துணையாள் என்று அவர்களுக்குப் பெயர். நர்சரிப் பள்ளி ஆசிரியையான சாந்திமதி ஆறு மாதமாகக் கங்கையம்மாளுக்குத் துணையாள். வயதில் கங்கையம்மாள் பத்து வருடம் மூத்தவள். அதனால் அக்கா.

மகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த மருமகனைக் கங்கையம்மாள் உலக்கையால் அடித்தாள். ஒரே அடி. அவன் எழுந்திருக்கவில்லை. அவள் எட்டு வருடம் வேலூர்ச் சிறையில் இருந்தாள். தடுக்கப் போனேன் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அடித்தேன் என்றுதான் சொல்வாள். அன்றிலிருந்து மகள் அவளோடு பேசவில்லை. செய்த தவற்றைச் சின்னதாக்கிக் காட்டாத மனிதர்களுக்கு வினை கொஞ்சம் சீக்கிரமாகவே கழியும் என்பது சாந்திமதியின் நம்பிக்கை.

பிள்ளையார்பாளையத்தில் நெசவாளி முனிரத்தினத்தின் மாடியறை கங்கையம்மாளுக்குக் கிடைத்தது. முதலில் ஆறு மாதத்துக்குத்தான். அதன் பிறகு நீட்டிப்பதா இல்லையா என்பதை அலுவலகத்தில் முடிவு செய்வார்கள். இரண்டாம் மாதமே அவள் கீழே இறங்கி வந்து முனிரத்தினத்தின் தறிக்குத் தார் சுற்றக் கற்றுக்கொண்டாள். ராட்டையில் பட்டு இழையைச் சின்னக் குழலில் சுற்றி, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குத் தயார் செய்யும் வேலை அது. இழை அறாமல் சுற்றுவதில் அந்தத் தெருவிலேயே தனக்குத்தான் நல்ல கை என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அந்த ஆறு மாதம் முடிகிற வாரத்தில்தான் மன்னிப்புக் கேட்கும் நாள் வந்தது.

சாந்திமதி மாடியேறியபோது கங்கையம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சாந்திமதி வாசற்படியிலேயே நின்று கைகூப்பினாள். நோன்பில் தொண்டை கட்டியிருந்தது. கண்ணும் சிவந்திருந்தது.

"அக்கா, தெரிஞ்சோ தெரியாமலோ நான் உங்களுக்கு ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க."

அரிசிப் பாத்திரத்தில் கை நின்றது. "சரிமா" என்று மட்டும் சொன்னாள் கங்கையம்மாள்.

இன்னும் பதினோரு வீடு பாக்கி. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாக வேண்டும். இருட்டிய பிறகு சாந்திமதி வாயில் எதுவும் வைப்பதில்லை. கிடுகிடுவென்று இறங்கினாள். தறியில் உட்கார்ந்திருந்த முனிரத்தினத்திடமும் அதே வார்த்தைகளைச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முனிரத்தினம் போன் செய்தார்.

"இன்னாமா நீ, இப்படிப் பண்ணிட்ட? அக்கா போயிடுச்சு. ரூமைக் கழுவி வுட்டு, ஸ்டவ்வு, தட்டு, பாயி, நீங்க குடுத்ததெல்லாம் வரிசையா வெச்சிட்டு, சாவியத் தறி மேல போட்டுட்டுப் போயிடுச்சு."

"ஏன்? என்ன ஆச்சு?"

"என்னைக் கேட்டா? நேத்து நீ வந்து மன்னிப்புக் கேட்டியே! ரூமு இனிமே கெடையாதுன்னு சொல்ல வாய் வராம கேக்குறியோன்னு நெனச்சேன். அக்காவும் அதேதான் நெனச்சுக்கினு இருக்குது. ரெண்டு பேரும் ஒக்காந்து அழுதோம்மா!"

"ஐயோ அண்ணா, அது எங்க வழக்கம். வருஷா வருஷம் எல்லார்கிட்டயும் கேப்போம்."

"ஒண்ணுமே பண்ணாமயா கேப்பீங்க?" என்றார் முனிரத்தினம். "வேலூரு பஸ்ஸு எங்க நிக்கும்னு நேத்தே கேட்டுச்சுமா. ஓடு, ஓடு."

பேருந்து நிலையத்தில் வேலூர் வண்டி நிற்கும் இடத்துக்கு எதிரே சிமெண்டுப் பலகையில் கங்கையம்மாள் உட்கார்ந்திருந்தாள். சிறையிலிருந்து கொண்டுவந்த துணிப்பை மட்டும் மடியில் இருந்தது. சாந்திமதியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். யார் வந்தாலும் எழுந்து நிற்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

"ஒன்னைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னுதாம்மா நானே கெளம்பினேன். நீ இன்னா பண்ணுவ? ஆபீஸுல சொல்றதுதான."

"யாரும் போகச் சொல்லலக்கா. வேலூர்ல யாரு இருக்காங்க உங்களுக்கு?"

"யாரு இருக்காங்க? ஜெயிலு வாசல்ல ஒரு டீக்கடை இருக்குது. அந்தம்மா பாத்திரம் கழுவ ஆளு கேட்டுச்சு." வண்டி நிற்கும் இடத்தைக் காட்டினாள். "ரெண்டு பஸ்ஸு போயிடுச்சு. ஏறத்தான் கால் வரல."

சாந்திமதி அவளை உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, நோன்பையும் வழக்கத்தையும் விளக்கிச் சொன்னாள். கங்கையம்மாள் முழுவதையும் கேட்டாள்.

"என் வாழ்க்கையில இதுக்கு முன்னாடி ஒரே ஒருத்தருதாம்மா என்கிட்ட மன்னிச்சுக்கோன்னு கேட்டாரு. என் வக்கீலு. அப்பீலு தோத்துப் போச்சுன்னு சொல்ல வந்த அன்னிக்கு. அதான் நீ கேட்டதும் ரூமு போச்சுன்னு நெனச்சிட்டேன்." பிறகு கேட்டாள்: "அப்போ, எல்லாருக்கும் சொன்னதத்தான் எனக்கும் சொன்னியா?"

சாந்திமதிக்குச் சுருக்கென்றது. நேற்று எத்தனை வாசலில் நின்றோம், எத்தனை முகங்களைப் பார்த்தோம் என்று யோசித்தாள். வாசலைத்தான் பார்த்திருக்கிறாள். கங்கையம்மாளின் முகத்தை ஒரு நொடி பார்த்திருந்தாலே, நின்றுபோன கை எதற்கு நின்றது என்று தெரிந்திருக்கும்.

"ஆமாக்கா" என்றாள். "நேத்து சும்மா சொல்லிட்டுப் போயிட்டேன். உங்களை ராத்திரி முழுக்க அழ வெச்சதுக்கு இப்பக் கேக்குறேன். மன்னிச்சிடுங்க."

கங்கையம்மாள் அவள் கூப்பிய கைகளைப் பிடித்து இறக்கினாள். "ஜனங்க பாக்குது. வுடு."

சாந்திமதி அலுவலகத்துக்குப் போன் போட்டு, கங்கையம்மாளுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள். செயலாளர் பிரேம்நாத் காலையிலேயே வந்திருந்தார்; அவரே எடுத்தார்.

"அவங்க ரூமா? போன மாசமே ஓகே ஆயிடுச்சே மேடம். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு. லெட்டர்கூட டைப் பண்ணி இங்கதான்... அடடா, அனுப்பாம விட்டுட்டேனா? ரொம்ப சாரி மேடம். அந்தம்மாகிட்ட நானே நேர்ல வந்து மன்னிப்பு..."

"வேணாம்பா!" என்று கங்கையம்மாள் கத்தினாள். "நீயும் கேக்காத. லெட்டரக் குடு, போதும்."

பக்கத்துப் பலகையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாந்திமதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கங்கையம்மாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"உங்க வழக்கத்துல, ஒருத்தரு கேட்டா பதிலுக்கு இன்னா சொல்லணும்?"

"மன்னிச்சேன்னு சொல்லணும். அப்புறம் நீங்களும் என்கிட்டக் கேக்கணும்."

"மன்னிச்சேன்" என்றாள் கங்கையம்மாள் உடனே. பையின் காதை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "உன்கிட்டக் கேக்க எனக்கு ஒண்ணுமில்லமா. கேக்கவேண்டியது எம்பொண்ணுகிட்ட. அவ புருஷனாச்சே அவன். வெளிய வந்து ஆறு மாசத்துல ஒருவாட்டிகூடக் கேக்கல."

"ஏன்க்கா?"

"ரூமு ஆறு மாசத்துக்குத்தான்னு சொன்னாங்களே. எடமில்லாதவ போயி வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டா, சோத்துக்கும் பாய்க்கும் கேக்குறான்னுதான அவ நெனைப்பா? எனக்குன்னு ஒரு கதவு இருந்தாத்தான், கேட்டுட்டுத் திரும்பி வர முடியும்."

மன்னிப்பைப் பற்றி எத்தனையோ உபதேசம் கேட்டிருக்கிறாள் சாந்திமதி. இது ஒன்றிலும் வந்ததில்லை.

அடுத்த வேலூர் வண்டி வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடியே, "வேலூர், வேலூர்! ஏறும்மா, சீட்டு இருக்குது!" என்று கங்கையம்மாளைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"நான் வரலப்பா" என்றாள் அவள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாந்திமதி பக்கம் திரும்பினாள். "பொண்ணு முசரவாக்கத்துல இருக்குது. ஞாயித்துக்கெழம நீயும் கூட வர்றியாமா? உள்ள வர வேணாம். வாசல்ல வண்டிகிட்ட நின்னாப் போதும்."

"வரேன்க்கா."

"இப்ப சீக்கிரம் வீட்டுக்குப் போவலாம் வா. எட்டு மணிக்கு முனிரத்தினம் தறியில ஒக்காந்துடுவாரு. தாரு ஒண்ணுகூட இல்ல."