ஈ வராத பூ

பாண்டீஸ்வரி தன் புருஷனிடம் கேட்டு வாங்கியது ஒரே ஒரு வருஷம். சோழபுரத்துக்கு மேற்கே அவர்களுக்கு இருந்த மாந்தோப்பை வெட்டிவிட்டுத் தென்னை வைப்பதென்று சமுத்திரம் முடிவு கட்டியிருந்தான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று வருஷமாக மரங்கள் பூத்துத் தள்ளுகின்றன, பிஞ்சு மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது. தையில் பெய்யக் கூடாத மழை பெய்து முதல் பூவைக் கருக்குகிறது. மாசியில் மறுபடி பூத்தால் அப்போதே சித்திரை வெயில் கொளுத்துகிறது. பூவில் மொய்க்க வேண்டிய ஈயும் பூச்சியும் எங்கே போய்த் தொலைந்தனவோ, பூத்த மரத்தடியில் மணிக்கணக்காக நின்றாலும் ஒரு ரீங்காரம் கேட்பதில்லை. வானத்துக்கே புத்தி பிசகிவிட்டால் பூச்சி என்ன செய்யும், பாவம்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவள் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்கள் அவை. இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள்தான். இருந்தாலும் ‘என் மரம்’ என்று சொல்லும்போது அவள் குரலே வேறு மாதிரி இருக்கும்.

“தேனீப் பெட்டி வச்சுப் பாப்போம். இந்த வருசமும் காய்க்கலன்னா பொறவு உங்க இஷ்டம்” என்றாள்.

மாசிப் பூ விரிந்ததும், ஸ்ரீவில்லிபுத்தூரில் தேனீ வளர்க்கும் ஜோயல் பத்துப் பெட்டிகளைக் கொண்டுவந்து மர நிழலில் வைத்தான். வெயில் ஏறினால் உள்ளே இருக்கும் தேனடை இளகிவிடும், ஈரத்துணி போட்டு மூடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். துணிக்கா பஞ்சம்? பாண்டீஸ்வரி இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். அங்கே கழித்துப் போடும் துணியைக் கேட்டு வாங்கி வந்து நனைத்துப் போட்டாள். மூன்று நாள் ஈக்கள் பூவுக்கும் பெட்டிக்குமாகப் பறந்தன. அந்த மூன்று நாளும் அவள் தோப்பை விட்டு வர மனமில்லாமல்தான் வந்தாள்.

நாலாம் நாள் வெயிலில் ஈக்கள் பூவுக்குப் போகவில்லை. பெட்டி வாசலில் கொத்தாக வெளியே தொங்கின. போட்டிருந்த துணியோ அப்பளமாகக் காய்ந்து கிடந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும், கழிவுத் துணி போதாதென்று, பிளீச்சிங் பிரிவுக்கு வெளியே ஈரமாகக் குவிந்து கிடந்த துணியை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தாள். அது பிளீச்சிங் மருந்து போக இன்னும் அலசாத துணி. பத்துப் பெட்டிகளையும் வாசலை மட்டும் விட்டுவிட்டுத் தடிமனாகச் சுற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். நெடி அடித்திருக்கத்தான் செய்யும். ஆனால் பதினோரு வருஷமாகச் சேலையிலும் தலைமுடியிலும் அந்த நெடியோடு வீடு திரும்புகிறவளுக்கு அது எங்கே தெரியப் போகிறது? இனி ஈக்களுக்குக் குளுமைதான் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

காலையில் பெட்டிகளில் சத்தமே இல்லை. வாசலுக்கு முன்னால் ஈக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன. சாகாதவை ஓடிப்போயிருந்தன. வெயில்தான் கொன்றுவிட்டது, நீ என்ன செய்வாய் என்று சமுத்திரம் ஆறுதல் சொன்னான். போன் போட்டதும் வந்து சேர்ந்த ஜோயல் ஒரு துணியைத் தூக்கினான். இருமிக்கொண்டே முகத்தைத் திருப்பினான்.

“என்னக்கா, இம்புட்டு பிளீச்சிங் நெடி அடிக்கு. இத வச்சா மூடுனீங்க?”

அவள் துணியை வாங்கி மூக்கில் வைத்து இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியலயே, தம்பி.”

சமுத்திரம் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தொலைத்திருப்பாள். வேறு பெட்டி தரச் சொல்லி ஜோயலிடம் கெஞ்சினாள். அவனிடம் மிச்சமிருந்த பெட்டிகளும் அந்த வார வெயிலில் காலியாகியிருந்தன.

நாலு நாள் கழித்து, இனிக் காய்க்காதென்று சமுத்திரம் வரச் சொல்ல, மரம் வெட்டும் தங்கச்சாமி மிஷின் ரம்பத்தோடு வந்தார். முதல் மரத்தை அண்ணாந்து பார்த்தவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். உச்சி முதல் அடிக்கிளை வரை பூ. பூவோடு நிற்கிற மரத்தில் இதுவரை ரம்பம் வைத்ததில்லை, வைகாசியில் காய் பறித்த பிறகு வருகிறேன் என்றார். சமுத்திரம் பாண்டீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தான். அவர் சொன்னதற்கு அவள் தலையாட்டிவிட்டால் போதும், மரங்களுக்கு இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு கொத்தாகக் கருகி உதிர்வதை அவள்தான் பார்க்க வேண்டும்.

பாண்டீஸ்வரி முன்னால் வந்தாள்.

“இது காய்க்கிற பூ இல்லண்ணே. இதுக்கு வந்த ஈய நாந்தான் கொன்னுட்டேன். நீங்க வெட்டுங்க.”

தங்கச்சாமி குனிந்து ரம்பத்தை எடுத்தார்.