சன்னலுக்கு வெளியே சொன்ன பதில்

எங்கள் சபையில் பெண்ணுக்குத் தலையில் தொப்பி உண்டு, வாய் கிடையாது. வாசற்படி தாண்டினால் வாய் வந்துவிடும். சந்தையில் என்னோடு பேரம் பேசியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். உள்ளே மட்டும் ஜெபம் செய்வது, பாட்டுத் தொடங்குவது, கர்த்தரை நினைத்துப் பிட்கும் அப்பத்துக்கு ஸ்தோத்திரம் சொல்வது எல்லாம் ஆண்கள் வேலை. முப்பது வருஷமாக நானும் அடங்கித்தான் இருந்தேன்.

வருஷாவருஷம் எங்கள் ஜமைக்கா மலையிலிருந்து ஆண்கள் கனடாவுக்கு ஆப்பிள் பறிக்கப் போய்விடுவார்கள். என் கணவர் செட்ரிக்கும் போவார். சபைக்கு மிஞ்சும் ஒரே ஆண் மூப்பர் யூஸ்டஸ் கேல். இந்த அக்டோபரில் அவர் வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஆறு பெருகிக் கிடந்தது. இரண்டு ஞாயிறு, பதினொரு பெண்கள் மேசையில் இருந்த அப்பத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, பிட்காமலே வீட்டுக்குப் போனோம். மூன்றாம் ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து ஸ்தோத்திரம் சொன்னேன், பிட்டேன், கொடுத்தேன். எல்லாரும் வாங்கிப் புசித்தார்கள். கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

தண்ணீர் வடிந்ததும் மூப்பர் தம் மனைவி யூனாவோடு வந்து, புதன்கிழமை சபையைக் கூட்டினார். நான் செய்தது பாவம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கர்த்தருடைய பந்தியில் இனி எனக்கு இடமில்லை என்றார். பெற்ற பிள்ளையைப் புதைத்த வாரம்கூட அந்த மேசையின் முன்னால் உட்கார்ந்துதான் நான் மூச்சு விட்டேன்.

மனுஷன் நல்லவர்தான், பிடித்த பிடியை விடமாட்டார். ஆதியாகமத்தைத் திறந்துவைத்து அரை மணி நேரம் பேசினார். முதலில் படைக்கப்பட்டவன் ஆதாம், அவனுக்குத் துணையாக வந்தவள் ஏவாள், அவள் கொடுத்ததை வாங்கித் தின்றுதான் உலகம் கெட்டது. இப்போது மறுபடியும் ஒரு பெண் கொடுத்திருக்கிறாள், சபை தின்றிருக்கிறது. கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா சொல்ற?" என்றார்.

பதில் சொன்னால் அதுவும் குற்றம். கணவர் வழியாகத்தான் சொல்ல வேண்டும். அவரோ கனடாவில் ஏதோ ஆப்பிள் மரத்து ஏணிமேல் நிற்கிறார். நான் எழுந்து வெளியே போய், சுற்றி வந்து, சன்னலுக்கு நேரே முற்றத்தில் நின்றேன்.

"இங்க நின்னு பேசலாமில்ல, மூப்பரே?"

அதைத் தடுக்கும் வசனம் எதுவும் அவருக்கு அகப்படவில்லை. பேசு என்றார்.

"ஆணும் பெண்ணுமா தம்ம சாயல்ல படைச்சு, பூமிய ஆளுங்கன்னு ரெண்டு பேர்கிட்டயும்தான் சொன்னார். அவ பழத்த நீட்டினப்போ ஆதாம் கூடவேதான் நின்னான். அவனுக்கு வாய் இருந்துச்சு. வேணாம்னு சொல்லலையே."

உள்ளே சில தொப்பிகள் குலுங்கின. மூப்பர் சிரிக்கவில்லை. "அவன் உன்னை ஆளுவான்னு எழுதியிருக்கே?" என்றார்.

"எழுதியிருக்கு, பாவம் வந்த பிறகு. அதுக்கு ரெண்டு வசனம் தள்ளிப் பாருங்க. நிலம் முள்ளு முளைப்பிக்கும்னும் இருக்கு. உங்க வள்ளிக்கிழங்குத் தோட்டத்துல ஒரு முள்ளயாவது விட்டு வச்சிருக்கீங்களா? விடிஞ்சதும் மண்வெட்டிய எடுத்துட்டுப் போறீங்க. அந்தச் சாபத்த வெட்டுறீங்க, இதுக்கு மட்டும் உரம் போடுறீங்க."

அவர் குனிந்து விரலால் வரிகளைத் தடவினார். வசனம் அங்கேதான் இருந்தது. அதற்குள் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஒருத்தி வெளியே வந்தாள், பிறகு இன்னொருத்தி. பத்துப் பேரும் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். கடைசியாக யூனா, கணவரை ஒருமுறை பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சபை முழுக்க முற்றத்தில் நின்றது. உள்ளே அவரும் வெறும் மேசையும்தான்.

மூப்பர் மெல்ல சன்னலண்டை வந்தார். முகத்தில் கோபம் இல்லை. பயந்திருந்தார் என்றே எனக்குப் பட்டது.

"மழைக்காலம் இன்னும் முடியல. ஞாயித்துக்கிழம ஆறு ஏறிட்டா என்ன பண்ணுவீங்க?"

"அப்பம் பிட்போம்" என்றேன்.

அவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ எனக்கும் ஒரு துண்டு எடுத்து வை" என்றார். "தண்ணி வடிஞ்சதும் வந்து உன் கையாலயே வாங்கிக்கிறேன்."