எட்டுப் பேருக்கான லிஃப்ட்

"தலைக்குள்ள இருக்கறத காலேஜ்காரங்க பாத்துக்கட்டும் மாமா. வெளிய இருக்கறது என் பொறுப்பு. ஆடாம உக்காருங்க," என்றான் மைத்துனன், கத்தரிக்கோலைக் காதோரம் கொண்டுவந்தபடி.

முடி திருத்தும் கடையை அப்போதுதான் திறந்திருந்தான். வேறு ஆள் இல்லை. நாற்காலியில் இருந்தவன் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டான். முப்பத்து மூன்று வயது. கட்டடப் பொறியியலில் ஒரு பட்டம். பத்து வருடம் சைட்டில் வெயிலும் தூசியும். இப்போது மறுபடி கல்லூரி மாணவன், கம்ப்யூட்டர் சயின்ஸ். கூடப் படிப்பவர்கள் பிறந்தபோது இவனுக்கு மீசை அரும்பிவிட்டிருந்தது. அவர்கள் இவனுக்கு வைத்திருக்கும் பெயர் மேஸ்திரி.

"காதோரம் நரைக்குது. கறுப்படிச்சு விடவா? பசங்களோட பசங்களா உக்காந்துக்கலாம்."

"வேணாம் மாப்ள. நரை இருந்தா கேள்வியக் கொஞ்சம் மரியாதையா கேப்பாங்க."

அன்று அவனுக்கு நேர்முகத் தேர்வு. ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்கள் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்து, அதைப் பற்றிக் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேறினால் நேராக இரண்டாம் வருடம் போகலாம். தேறாவிட்டால் முதல் வருடம் முழுக்க உட்கார வேண்டும். வேலையை விட்டுவிட்டு வந்தவனுக்கு ஒரு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அவன் பயப்படவில்லை. புரோகிராமை எழுதி, ஓட்டிப் பார்த்து, மூன்று நாளுக்கு முன்பே அனுப்பிவிட்டான்.

சைட்டில் கம்பி வெட்டும்போது துண்டு துண்டாக நிறைய வீணாகும். எந்த நீளத்தை எந்தக் கம்பியிலிருந்து வெட்டினால் குறைவாக வீணாகும் என்று கணக்குப் போட ஒரு மழைநாளில் அவனாகவே ஒரு புரோகிராம் எழுதினான். துண்டுக் குவியல் பாதியானது. கட்டடம் எழும்பியதைவிட அந்தப் புரோகிராம் ஓடியதுதான் அவனுக்குப் பிடித்திருந்தது. மனைவி அதைக் கவனித்துவிட்டாள். "அப்ப இதையே படிங்களேன்," என்றாள், வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல்.

அவள் இறந்த பிறகுதான் சேர்ந்தான். அதில் பெரிய வைராக்கியம் ஒன்றும் கிடையாது. ஒரு காலை எழுந்தான், குளித்தான், போய்ச் சேர்ந்தான்.

"என்ன எழுதச் சொன்னாங்க?" என்றான் மைத்துனன்.

"லிஃப்ட். யார் ஏறணும், எந்த மாடியில நிக்கணும், எல்லாம் புரோகிராம் பாத்துக்கணும்."

கத்தரிக்கோல் நின்றது. "உங்ககிட்டயா? அஞ்சு பேர் உள்ள நின்னா படியில ஏறி வர்ற ஆளு நீங்க. உங்ககிட்ட போயி லிஃப்ட் கேட்டிருக்காங்களே."

உண்மைதான். அவன் குடியிருப்பு ஆறாவது மாடி. லிஃப்டில் ஐந்து பேர் இருந்தால் ஒதுங்கிவிடுவான். மனைவி ஒதுங்கமாட்டாள். "நீங்க நடந்து வாங்க, நான் போய் டீ போட்டு வைக்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கதவை மூடிக்கொள்வாள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்போது டீ தயாராக இருக்கும்.

விரிவுரையாளரின் அறையில் மின்விசிறி கரகரவென்று சுற்றியது. விரிவுரையாளர் ஒரு பெண், அவனைவிட நாலைந்து வயது இளையவர். திரையை அவன் பக்கம் திருப்பினார். பத்துச் சோதனைகள். தேறியவை ஏழு பச்சை, தேறாதவை மூன்று சிவப்பு.

அவன் சிவப்பை மறுபடி எண்ணினான். மூன்றுதான்.

"இதப் பாருங்க. லிஃப்ட் தாங்கற எடை அறுநூறு கிலோ. ஆளுக்கு எழுபத்தஞ்சு. அப்ப எத்தன பேர் ஏறலாம்?"

"எட்டு பேர் மேடம்."

"உங்க லிஃப்ட்ல அஞ்சு பேரோட கதவு மூடிருது. பாக்கி மூணு பேர் என்ன பாவம் பண்ணாங்க?"

அவன் குனிந்து புரோகிராமைப் பார்த்தான். மேலேயே இருந்தது அந்த வரி. அறுநூறை ஒன்றரையால் வகுத்திருந்தான். எழுதியதாக நினைவே இல்லை. சைட்டில் எந்தப் பாரத்தைக் கணக்கிட்டாலும் அந்த ஒன்றரையைச் சேர்த்துத்தான் பழக்கம். புத்தியைக் கேட்காமல் கை அதுவாகப் போட்டுவிட்டது. அதனால்தான் வீட்டில் ஓட்டிப் பார்த்தபோதும் ஐந்து பேர் அவன் கண்ணுக்குச் சரியாகவே பட்டிருக்கிறார்கள்.

"பாதுகாப்புக்குன்னு விடற இடைவெளி மேடம். கட்டடத்துல அப்படித்தான் போடுவோம். ஆனா இங்க தப்பு. லிஃப்ட் செஞ்சவங்க எல்லாத்தையும் கழிச்சுட்டுத்தான் அறுநூறுன்னு எழுதியிருப்பாங்க. அவங்க போட்ட பூட்டுக்கு மேல நான் ஒரு பூட்டு போட்டுட்டேன்."

"கேள்வியில அதக் கேக்கவே இல்ல."

"இல்ல மேடம்."

"சரி. இங்கயே திருத்துங்க. எவ்வளவு நேரம் வேணும்?"

"இப்பவே முடிஞ்சிரும்."

விரிவுரையாளர் புருவத்தை உயர்த்தினார். "காலையில ஒரு பையன் வந்தான். எட்டுங்கற எண்ண ஏழு இடத்துல எழுதி வச்சிருந்தான். ஒண்ணத் திருத்தினா இன்னொண்ணு உதைக்குது. இன்னும் வெளிய உக்காந்து தேடிட்டிருக்கான்."

"நான் ஒரே எடத்துலதான் வச்சிருக்கேன். அளவெல்லாம் மொத வரைபடத்துலயே இருக்கணும். இல்லன்னா ஒவ்வொரு கொத்தனாரும் ஒவ்வொரு அளவுல கட்டிருவாங்க."

ஒரே வரியை மாற்றினான். ஓட்டினான். பத்தும் பச்சை.

அதோடு விடவில்லை அவர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஏழு பேர் ஏறியாச்சு. அடுத்து மூணு சின்னப் பிள்ளைங்க, ஆளுக்கு இருபத்தஞ்சு கிலோ. உங்க லிஃப்ட் என்ன செய்யும்?"

"மூணு பேரையும் ஏத்திக்கும்."

"பத்துத் தலை ஆச்சே?"

"நான் தலைய எண்ணல மேடம், எடையத்தான் கூட்டறேன். சைட் லிஃப்ட்ல ஆளும் ஏறும், சிமென்ட் மூட்டையும் ஏறும். மூட்டைக்கு ஏது தலை?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எண்களைத் தட்டிப் பார்த்தார். மூன்று பிள்ளைகளும் ஏறிக்கொண்டார்கள். நாலாவதாக ஒரு பிள்ளையைச் சேர்த்தார். அது வெளியே நின்றது.

"ரெண்டாம் வருஷத்துல உக்காருங்க. ஆனா முதல் வருஷத்துல ஒரு பாடம் இருக்கு, கேட்டதப் புரிஞ்சுக்கிட்டுச் செய்யறது எப்படின்னு. அதுக்கு மட்டும் வந்துருங்க. தப்பிக்க முடியாது."

"யார் நடத்தறாங்க மேடம்?"

"நான்தான்."

வெளியே வந்து மைத்துனனுக்கு போன் போட்டான்.

"பாஸா மாமா?"

"பாஸ். ஒரு பாடம் மட்டும் சின்னப் பசங்களோட."

"அப்பவே சொன்னேன், கறுப்படிச்சிருக்கலாம்." பின்னணியில் யாருக்கோ ஷேவிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. "அக்கா இருந்தா என்ன சொல்லியிருக்கும்?"

"கேள்விய ஒழுங்காப் படிக்க மாட்டீங்களான்னு கேட்டிருப்பா."

"ஆமா. அதத்தான் கேட்டிருக்கும்," என்றான் மைத்துனன். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

சாயங்காலம் குடியிருப்பின் லிஃப்ட் தரைத்தளத்தில் வந்து நின்றது. அடித்தளத்து வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து வந்தவர்கள் உள்ளே ஐந்து பேர். பக்கத்து வீட்டுக்காரர் அவனைப் பார்த்ததும் பழக்கத்தில் கதவு மூடும் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார். "நீங்க படிதானே?"

உள்ளே ஒரு தகடு இருந்தது. எட்டுப் பேர், அறுநூறு கிலோ. இத்தனை வருடத்தில் அதை அவன் படித்தது இல்லை.

"இல்ல, வர்றேன். கொஞ்சம் தள்ளிக்கங்க," என்று உள்ளே ஏறினான். பையை மார்போடு அணைத்துக்கொண்டான். லிஃப்ட் ஒரு முனகல்கூட இல்லாமல் மேலே போனது.

இன்றைக்கு டீயை அவன்தான் போட வேண்டும்.