தொண்ணூற்றொன்று போதும்

மேம்பாலம் ஏறும்போதெல்லாம் மூர்த்தியின் கார் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் கார் ஆலைக்கு தினமும் மூன்று எஞ்சினியர்களை ஏற்றிப்போவது அவர் பிழைப்பு. வண்டி நின்றால் டிராவல்ஸ்காரர் வேறு ஆளைப் போட்டுவிடுவார். ஆனாலும் மூர்த்தி பயப்படவில்லை. பின்சீட்டில் இருந்த மூவருமே கார் செய்கிறவர்கள்.

"நாக்கிங்ணா," என்றான் மோகன். கதவுக்கு ரப்பர் ஒட்டுகிற லைனை எட்டு வருடமாகப் பார்த்துக்கொள்பவன். "பெட்ரோல்ல ஆக்டேன் பத்தல. தொண்ணூத்தஞ்சு ஆக்டேன் போடு."

போட்டார். சத்தம் போகவில்லை.

"அதெல்லாம் காணாது அண்ணாச்சி," என்றார் பெயின்ட் ஷாப் சங்கரநாராயணன், தென்காசிக்காரர். "நூறு போட்டுப் பாரும். எஞ்சின் பஞ்சு மாதிரி ஓடும்லா."

சீட் பிரிவு லோகேஷ், நூறு கிடைக்கும் பங்க்கை போனில் தேடிக் கொடுத்தான்.

பங்க்கில் பெட்ரோல் போடும் பூமாரி, டேங்க் மூடிக்குள் ஒட்டியிருந்ததைப் படித்துக் காட்டினாள். "தொண்ணூத்தியொண்ணு போதும்னு போட்டுக்கீதேண்ணா?"

"கம்பெனி எஞ்சினியரே சொல்றாரு. ஸ்டிக்கரு பெருசா? ஃபுல் பண்ணு."

மூன்றாம் நாள் காலை, வல்லம் தாண்டியதும் கார் ஒருமுறை குலுங்கி நின்றது. போனட்டைத் திறந்தார்கள். பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி மூவரும் குனிந்து ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள்.

டிராவல்ஸ் அனுப்பிய மாற்று வண்டி வந்தது. அதன் டிரைவர் கன்னியப்பன் எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான். குச்சி காய்ந்திருந்தது.

"இன்னா மாமே, சொட்டு ஆயில் இல்ல. கடகடன்னு சத்தம் வந்துக்குமே? எஞ்சின் புடிச்சிக்கிச்சு. இனிமே தேறாது."

மூர்த்தி மூவரையும் பார்த்தார்.

"எஞ்சின் நம்ம டிபார்ட்மென்ட் இல்லையேண்ணா," என்றான் மோகன். உண்மையிலேயே வருத்தப்பட்டான்.

மூவரும் மாற்று வண்டியில் ஏறிக்கொண்டார்கள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. கன்னியப்பன் மட்டும் தயங்கி நின்றான்.

"தப்பா நெனச்சிக்காத மாமே. ஒன் கேட் பாஸக் குடுத்தாத்தான் எனுக்குப் புதுசு தருவாங்களாம். இனிமே இந்த ரூட்டு நாந்தானாம்."

மூர்த்தி முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பாஸை நகத்தால் ஓரம் ஓரமாக, கிழியாமல் உரித்தார். இரண்டு கையாலும் நீட்டினார்.

வண்டி போனது. மூர்த்தி தன் காரில் ஏறி, கதவைச் சாத்தி, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.