பேரியமும் இரண்டு இருமலும்

என் அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. தக்காளியில் பழம் எது, காய் எது என்று அமுக்கிப் பார்த்துத்தான் சொல்வான். அப்படிப்பட்டவன், உலகத்தில் வேறு படிப்பே இல்லாத மாதிரி, வேதியியலில் போய் விழுந்தான். உப்பைக் கம்பியில் தொட்டுச் சுடரில் காட்டினால் ஸ்ட்ரான்சியம் சிவப்பாக எரியும், பேரியம் பச்சையாக எரியும். அவனுக்கு இரண்டும் வெறும் வெளிச்சம்.

ஏற்கெனவே இரண்டு வேலைகளை பர்னர் முன்னால் நின்றுதான் கோட்டை விட்டான். இந்த முறை நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்திலேயே ஓர் இடம் காலி. இதுவும் போனால் மாமாவின் கடையில் போய் உட்கார வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மாமா வைத்திருப்பது பெயின்ட் கடை. அந்த ஊர்க்காரர்களின் சுவர்களை நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. சோதனைக் குழாயின் அடியில் வீழ்படிவு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டை மறக்கிறவன் அவன். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அந்தப் பாவத்தில்தான் திட்டம் போட்டோம். தேர்வு நாளில் கரைசல் பாட்டில்களை எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. அவன் கம்பியைச் சுடரில் காட்டும்போது நான் பக்கத்தில் நின்று ஒரு முறை இருமினால் சிவப்பு, இரண்டு முறை இருமினால் பச்சை. வீட்டு அடுப்படியில் ஒத்திகை கூடப் பார்த்தோம். அம்மா எனக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள்.

எங்கள் தலைமை வேதியியலாளர் அம்மாளுக்கு நாங்கள் வைத்த பெயர் வடிதாள். அவரைத் தாண்டி ஒரு துகள் கீழே இறங்காது. எல்லோருக்கும் ஒரே வெள்ளைப் பொடியைக் கொடுத்துவிட்டு, என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொன்னார். அண்ணன் கம்பியை அமிலத்தில் நனைத்து, பொடியில் தொட்டு, சுடரில் நீட்டினான். அழகான ஆப்பிள் பச்சை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அடுத்த மேசைக்காரர், அவசரக் குடுக்கை, அடர் அமில பாட்டிலையும் அம்மோனியா பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துவிட்டார். இரண்டின் ஆவியும் சேர்ந்து வெள்ளைப் புகையாகக் கிளம்பியது. முதலில் அவர் இருமினார். பிறகு வடிதாள் இருமினார். பிறகு கூடமே இருமியது. நான் இருமியதை நானே எண்ண முடியவில்லை. ஜன்னலைத் திறக்க ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கம்பியும் கையுமாகப் பேய்முழி முழித்துக்கொண்டிருந்தான்.

புகை அடங்கிற்று. இன்னொரு முறை கம்பியை நீட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் பர்னரையே அணைத்துவிட்டான். பொடியைத் தண்ணீரில் கரைத்தான், முழுசாகக் கரைந்தது. அதில் கொஞ்சத்தில் அசிட்டிக் அமிலம் விட்டு, பொட்டாசியம் குரோமேட்டைச் சொட்டினான். மஞ்சளாக ஒரு வீழ்படிவு திரண்டு அடியில் உட்கார்ந்தது. ஸ்ட்ரான்சியமாக இருந்தால் இப்படி உட்காராது. மஞ்சள் அவனுக்கு நன்றாகவே தெரியும். இன்னொரு குழாயில் சில்வர் நைட்ரேட், தயிர் போல வெள்ளை. அம்மோனியா விட்டதும் கரைந்து போனது, அப்படியென்றால் குளோரைடு. பேரியம் குளோரைடு என்று எழுதிக் கொடுத்தான். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

வடிதாள் தாளை மேலும் கீழும் பார்த்தார். சுடர் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லையே, என்ன நிறம் என்று கேட்டார்.

பேரியம் என்று தெரிந்த பிறகு பச்சை என்று சொல்ல யாருடைய இருமலும் தேவையில்லை. வாயைத் திறந்து சொல்லித் தொலையேன் என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

"தெரியாது மேடம்," என்றான் அண்ணன். "எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியும். பச்சைன்னு இப்போ எழுதலாம். ஆனா நான் அதைப் பார்க்கல."

போச்சு, பெயின்ட் கடைதான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பச்சையா எரியறது பேரியம் மட்டும் இல்ல," என்றார் வடிதாள். "பச்சையைப் பார்த்த பாதிப் பேர் அதோட நிறுத்திட்டு வேற எதையோ எழுதிட்டாங்க. நீங்க பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதல. எனக்கு அது போதும். திங்கட்கிழமை வந்துடுங்க. சுடரைப் பார்க்க இங்க கண்ணுக்கா பஞ்சம்?"

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், அம்மோனியாவால் இல்லை. நான் பாட்டில்களை அள்ளிக்கொண்டு நைசாக நழுவப் பார்த்தேன். வாசல் வரை போய்விட்டேன்.

"நில்லும்மா," என்றார் வடிதாள், தாளிலிருந்து தலையைத் தூக்காமலே. "காலையிலேருந்து தொண்டையைச் செருமிட்டே இருக்கியே. பச்சைக்கு எத்தனை இருமல்?"

"ரெண்டு மேடம்," என்றோம், அண்ணனும் நானும் ஒரே குரலில்.