நாய்க்குப் போன கறி

கிளாரி என்னை மூன்று வாரம் ஏமாற்றினார். முப்பது வருடம் கம்பளி வெட்டும் கொட்டகைகளில் சமைத்துப் போட்டவள் நான். யார் தட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்கு முதுகிலும் கண் உண்டு எனப் பீற்றிக்கொள்வேன். அந்தப் பீற்றலில் மண் விழுந்தது.

கிளாரிக்கு எண்பத்தொரு வயது. ஒரு காலத்தில் ஒரு நாளைக்கு நூற்றெண்பது ஆடுகளுக்குக் கம்பளி வெட்டிய ஆள். மனைவி இறந்த பிறகு டீயும் ஜாம் தடவிய ரொட்டியுமாகக் காலத்தை ஓட்டினார். இந்தக் குளிர்காலத்தில் குளியலறையில் விழுந்தார். எலும்பு தப்பியது. டப்போ நகர ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நர்ஸ், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழச் சொன்னாள். அவரால் ஒரு தடவைகூட முடியவில்லை.

"தசை கரைஞ்சிருக்கு. மூணு வேளையும் புரோட்டீன் வேணும். தினமும் உக்காந்து எழுந்து பழகணும். எட்டு வாரம் கழிச்சு வர்றேன்" என்றாள்.

மகள் லியோனி சிட்னியிலிருந்து போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அப்போதும் எழ முடியாவிட்டால் அங்கே முதியோர் இல்லம். அங்கே நாய்க்கு இடமில்லை.

இப்போது ஊர் முதியவர்களுக்கு வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகிறவள் நான். கிளாரிக்கு மட்டும் தனியாகச் சமைத்தேன். காலையில் முட்டை, மதியம் ஆட்டுக்கறி, ராத்திரிக்குச் சீஸ் போட்ட பீன்ஸ். தட்டுகள் கழுவினாற்போல் திரும்பின. அவர் கால்கள் மட்டும் அப்படியே நடுங்கின. மூன்றாம் வாரம் ஒரு நாள் அவருடைய ஆடு மேய்க்கும் நாய் டாக்கர் வெளி கேட்டை ஒரே தாவில் தாண்டியது. பதினொரு வயது நாய்!

எனக்குச் சுருக்கென்றது.

"என் கறியெல்லாம் யார் வயித்துக்குப் போகுது?"

கிளாரி ஜன்னல் வழியே டாக்கரைப் பார்த்தார். "அவன் இன்னும் பக்கத்துப் பண்ணையில ஆடு ஓட்டுறான், வெர்னா. நான் சும்மா உக்காந்திருக்கேன். வேலை செய்யாதவனுக்கு எதுக்குக் கறி? கொட்டகையில நீ சொன்னதுதானே!"

சொன்னவள் நான்தான். கரண்டியால் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

"அது இருபது வயசுச் சோம்பேறிங்களுக்குச் சொன்னது, பெரிய மனுஷா! வயசான உடம்பு லேசுல தசை போடாது. அதனாலதான் கூடத் திங்கணும்ங்கறாங்க. எழுந்து நிக்கறதுதான் இப்ப உங்க வேலை. நீங்க சிட்னி போயிட்டா இவனுக்கு யாரு சோறு போடுவா?"

 கிளாரி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து டாக்கருக்கு வெளியே தனித்தட்டு. கிளாரி கடைசி வாய் விழுங்கும்வரை நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். "ஜெயில்காரன் தேவலாம்" என்று முனகினார். சாப்பிட்டுச் சற்று நேரம் கழித்து, நாற்காலியிலிருந்து எழும் ஒவ்வொரு தடவையையும் ஓர் ஆடு, இரண்டு ஆடு என்று எண்ணினார்.

எட்டாம் வாரம் நர்ஸ் வந்தாள். கிளாரி கைகளைக் கட்டிக்கொண்டார். நாலு ஆடு சுலபமாகப் போனது. ஐந்தாவதில் முழங்கால் வெடவெடத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நர்ஸ் எழுதத் தொடங்கினாள். உட்கார்ந்தவர், யாரும் சொல்லாமலேயே மறுபடி எழுந்தார்.

"அஞ்சு போதுங்க" என்றாள் அவள்.

"டீ போட வேணாமா? வெர்னா, நீ லியோனிக்குப் போனைப் போடு. நானும் நாயும் எங்கயும் போகலைன்னு சொல்லு."