பதினாறாம் பிளாக்குக்கு மெட்ரோ

சென்னையில் மகள் வீட்டில் பதினெட்டு நாள் இருந்துவிட்டு நெய்வேலி திரும்பிய ருக்குமணிக்கு மெட்ரோ ரயிலைத் தவிர வேறு பேச்சில்லை. "கதவு தானா தொறக்குது, தானா மூடுது. உள்ள போனா மார்கழி மாசம்!" என்று பிளாக் முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஓட்டும் அவள் கணவர் பழனிவேல் மட்டும் அசரவில்லை. "கரிய நாங்க அப்படித்தான் அனுப்பிக்கினு இருக்கோம்," என்றார்.

அந்த வாரமே தெருவில் இரண்டு பேர் சர்வே கருவியை முக்காலியில் நிறுத்தி அளவெடுத்தார்கள். இளையவனின் மஞ்சள் சட்டை முதுகில் 'மெட்ரோ' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ருக்குமணி வாசல் தெளித்த வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

"எந்த ஊரு தம்பி?"

"மேல்பட்டாம்பாக்கங்க. வளவன். கான்ட்ராக்ட்ல வந்துருக்கோம்."

"இது பூமிக்கு மேலயா, அடியிலயா?"

"அடியிலதாங்க. ஆறடி."

"ஆறடி போதுமா?"

"இந்தத் தெருவுக்கு அதுவே ஜாஸ்திங்க."

"எப்ப ஓடும்?"

"மூணு மாசத்துல ஓட ஆரம்பிச்சிடும்."

"நம்ம தெருவுல நிக்குமில்ல?"

வளவன் பதறிவிட்டான். "ஐயோ, நிக்கவே கூடாதுங்க! நிக்காம ஓடணும்னுதான இவ்ளோ பாடுபட்டுக்கினு இருக்கோம். எதிர் வூட்டு வாசல்ல மட்டும் ஒரு வாய் வெக்கிறோம், இரும்பு மூடி போட்டு."

சென்னையில் ஸ்டேஷன் வாசலுக்கு ஷட்டர் இருந்ததை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். சந்தோஷம் பாதியில் நின்றது. எதிர் வீடு பிரபாவதியுடையது. தெருவிளக்கு, பஸ் ஸ்டாப், நிழல் மரம் எல்லாமே இருபது வருஷமாக அவள் வாசலில்தான். இதுவும் அங்கேதானா?

டபுள் டூட்டி முடித்துத் தூக்கக் கலக்கத்தில் வந்த பழனிவேலிடம் முறையிட்டாள்.

"மூணு வருஷத்துல ரிட்டயர்டு. குவார்ட்டர்ஸயே ஒப்படைச்சிட்டுப் போவப் போறோம். நமக்கு எதுக்குடி ஸ்டேஷன்?"

"அந்த மூணு வருஷம் ஏறி எறங்குவேன்ல!"

அவர் குப்புறப் படுத்துக்கொண்டார். ருக்குமணி மனு எழுத உட்கார்ந்தாள். 'பொதுமக்கள் நலன் கருதி, எதிர் வீட்டு வாசலில் அமையவுள்ள வாயை எங்கள் வாசலுக்கு மாற்றித் தருமாறு வேண்டுகிறோம்.' மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லிப் பதினொரு வீடுகளில் கையெழுத்து வாங்கியாயிற்று. மிச்சம் பிரபாவதி. சண்டைக்குத் தயாராக, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் போனாள். பிரபாவதி மனுவை இரண்டு முறை படித்தாள். ருக்குமணியின் முகத்தைப் பார்த்தாள். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டு, போன் நம்பரும் எழுதிக் கொடுத்தாள்.

"ஒங்களுக்குப் பெரிய மனசுக்கா," என்றாள்.

ருக்குமணிக்கு நெஞ்சு உறுத்தியது. சாயங்காலமே அரைப்படி முந்திரி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

டவுன்ஷிப் ஆபீஸில் மனுவை வாங்கிய இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு மனு வந்ததே இல்லம்மா. நெஜமாவே ஒங்க வாசல்ல வேணுமா?"

"அடுப்படிக்கு நேரா வந்தாலும் சம்மதங்க."

அன்றைக்கே உத்தரவாயிற்று.

பத்தாம் நாள் லாரியில் குழாய்கள் வந்து இறங்கின. ருக்குமணி குனிந்து ஒன்றின் உள்ளே எட்டிப் பார்த்தாள். மறுமுனையிலிருந்து ஒரு நாய் அவளைப் பார்த்தது.

"தம்பி, இதுல ஆளுங்க எப்படிப் போவாங்க?"

"ஆளு எதுக்குங்க போவணும்? பாதாளச் சாக்கடைங்க இது."

"அப்ப இந்தச் சட்டை?"

"போன வருஷம் மெட்ரோ வேலைக்குப் போனப்ப குடுத்தாங்க. நல்ல துணி, கிழியவே இல்ல."

அவள் நேரே எதிர் வீட்டுக்குப் போனாள். "தெரிஞ்சேதான கையெழுத்துப் போட்ட?"

"எங்க வூட்டுக்காரரு வேலையே டவுன்ஷிப் ஆபீஸ் குழாய்ப் பிரிவுலதானக்கா. நீங்க அவ்ளோ ஆசையா கேக்கறப்ப எப்படி இல்லன்றது?"

"என் முந்திரியக் குடு."

"பாயசம் வெச்சிட்டேனே. குடிக்கிறீங்களா?"

ருக்குமணி முறைத்தாள். பிறகு உட்கார்ந்து இரண்டு டம்ளர் குடித்தாள். ஏலக்காய் போதவில்லை என்று சொல்லவும் செய்தாள்.

கையெழுத்துப் போட்ட பதினொரு வீடும் திரண்டு வந்தபோது அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "சாக்கடை போடாம எந்த ஊர்ல மெட்ரோ விட்டிருக்கான்? மொதல்ல இது, அப்புறம் அது." பாதிப்பேர் நம்பிவிட்டார்கள்.

பழனிவேல் ஷிப்ட் முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டு, நிற்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை ருக்குமணி சோறு போடவில்லை.